நொச்சிக்குப்பம் கடற்கரை: முதன்முறை போகிறவர்களுக்கு

சென்னை மெரினா என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது சமாதிகளும் சுண்டலும்தான். கலங்கரை விளக்கத்துக்குத் தெற்கே, வீடும் தொழிலும் சந்தையும் கடலும் ஒரே சாலையில் சேர்ந்திருக்கும் மீனவர் குப்பமான நொச்சிக்குப்பத்தை எட்டிப் பார்க்காமலேயே திரும்பிவிடுகிறார்கள். ஒரு காலைப் பொழுதை அதற்கென்று ஒதுக்குங்கள்.

முதல் படி: பறக்கும் ரயிலில் ஏறி, கலங்கரை விளக்கம் நிலையத்தில் இறங்கிக் கிழக்கே நடங்கள். ஆறரை மணிக்கெல்லாம் கரையில் இருப்பது நல்லது. வெயில் ஏறிவிட்டால் மணலில் கால் வைக்க முடியாது.

இரண்டாம் படி: கடலோரமாகச் செல்லும் லூப் சாலைக்கு வந்ததும் சந்தைக்குள் நுழைந்துவிடாதீர்கள். முதலில் ஃபைபர் படகுகள் நிற்கும் மணலுக்குப் போங்கள். வலையை மடியில் போட்டுக்கொண்டு, நண்டின் கால் ஒடியாமல் ஒவ்வோர் இழையாக விடுவிக்கும் மீனவர்களின் விரல்களைப் பத்து நிமிடம் நின்று பாருங்கள். அந்த நிதானம் வேறெங்கும் காணக் கிடைக்காது. படம் எடுக்குமுன் கேட்டுவிடுங்கள். அது அவர்கள் வீட்டு வாசல். காய வைத்திருக்கும் வலையை மிதிக்க வேண்டாம். கடலில் இறங்கிக் குளிக்கவும் வேண்டாம், இங்கே அலையின் இழுப்பு பொல்லாதது.

மூன்றாம் படி: மீன் அங்காடி. இந்தச் சாலையோர மீன் கடைகளும் போக்குவரத்து நெரிசலும் 2023இல் உயர் நீதிமன்றம் வரை போயின. அந்த வியாபாரிகளுக்காக 2024 ஆகஸ்டில் 366 கடைகளுடன் நவீன அங்காடி திறக்கப்பட்டது. வெயிலில் உட்கார்ந்து விற்ற பெண்களுக்குத் தலைக்குமேல் கூரை வந்ததுதான் பெரிது என்பேன்.

மீனின் செவுளைத் தூக்கிப் பாருங்கள், நல்ல சிவப்பாக இருக்க வேண்டும். கண் தெளிந்திருக்க வேண்டும். விரலால் அழுத்திய இடம் உடனே நிமிர வேண்டும். வயிறு கிழிந்த நெத்திலியைத் தொடாதீர்கள். "அக்கா, இது இன்றைக்கு வந்த மீனா?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள். முதன்முறை வாங்குகிறவர்கள் வஞ்சிரத்துக்குப் போகாமல் சங்கராவில் தொடங்கலாம். விலை கையைக் கடிக்காது. சுத்தம் செய்து நறுக்கித் தருவதற்குக் கூலி தனி.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாததால் பெரிய மீன் குறையும், விலையும் ஏறும்.

நான்காம் படி: கலங்கரை விளக்கம். 1977 முதல் ஒளிரும் முக்கோணக் கோபுரம். மேலே போக லிஃப்ட் உண்டு. திங்கட்கிழமை விடுமுறை. காலை பத்து மணிக்கு மேல்தான் திறப்பார்கள் என்பதால், ஐஸ் பெட்டி இல்லாமல் மீன் வாங்கியவர்கள் இதை வேறொரு நாளுக்கு வைத்துக்கொண்டு நேரே வீட்டுக்குக் கிளம்புங்கள்.