“வயிறு வலிக்குது டீச்சர்”: தொடக்கப் பள்ளி வகுப்பாசிரியருக்கு

ஏழு வயதுப் பிள்ளைக்கு “மனசு சரியில்லை” என்று சொல்லத் தெரியாது. வயிறு வலிக்குது, தலை வலிக்குது என்றுதான் சொல்லும். திங்கட்கிழமை காலையில் வலி வரும், சனிக்கிழமை காணாமல் போய்விடும். அதனால் நடிப்பு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பயமும் கவலையும் குடலைப் பாதிக்கும். பிள்ளைக்கு நிஜமாகவே வலிக்கும்.

ஆனாலும் முதலில் உடம்பைப் பாருங்கள். காலையில் சாப்பிட்டதா? குடற்புழு மாத்திரை போட்டார்களா? ஒன்றுக்குப் போகாமல் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறதா? தாழ்ப்பாள் இல்லாத கழிப்பறைக்குப் பயந்து நாள் முழுக்கத் தண்ணீரே குடிக்காத பிள்ளைகள் உண்டு. அங்கே ஆலோசனை வேண்டாம், தாழ்ப்பாள் போட்டால் போதும். காய்ச்சல், வாந்தி, எடை குறைவு, தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும் வலி இருந்தால் மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

உடம்பில் ஒன்றுமில்லை என்றால் ஒரு நாற்பது பக்க நோட்டு எடுத்து, இரண்டு வாரம் எழுதுங்கள்: தேதி, எந்தப் பாடவேளை, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, பிறகு என்ன ஆனது. கண்ணால் பார்த்ததை மட்டும் எழுத வேண்டும். “சோம்பேறி” என்று எழுதினால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. “கணக்கு வேளையில் பத்து நிமிடம் தலையைக் கவிழ்த்திருந்தான், கரும்பலகைக்குக் கூப்பிட்டதும் வயிறு வலி என்றான்” என்று எழுதினால் வழி தெரியும். காலை உணவுத் திட்டம் நடக்கும் பள்ளியில் அந்த அரை மணி நேரம் ரொம்பப் பயன்படும். யார் தனியாக உட்கார்கிறார்கள், யார் தட்டைத் தொடவே இல்லை என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். பரிமாறும் அக்காவையும் கேளுங்கள். நமக்குத் தெரியாதது அவருக்குத் தெரிந்திருக்கும். சேட்டை செய்யும் பிள்ளை தானாகவே கண்ணில் பட்டுவிடும். சத்தமே இல்லாத பிள்ளையைத்தான் தேடிப் பார்க்க வேண்டும்.

பேசுவதற்கு வேப்ப மரத்தடி போல, மற்றவர்கள் கண்ணில் படுகிற, ஆனால் காதில் விழாத இடம் நல்லது. எதிரே உட்காராமல் பக்கத்தில் உட்காருங்கள். கையில் ஒரு தாளும் கிரேயானும் கொடுத்துவிட்டால் வரைந்துகொண்டே பேசும். “ஏன் அழுதே?” என்றால் பிள்ளை குற்றம் சாட்டுவதாக நினைத்து மூடிக்கொள்ளும். “என்ன கண்ணு நடந்துச்சு?” என்று கேட்டுவிட்டுப் பொறுத்திருங்கள். “அப்பா அடிச்சாரா?” என்று பதிலை நாமே வாயில் போடக் கூடாது. “யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்” என்ற வாக்கும் கூடாது, காப்பாற்ற முடியாமல் போகலாம்.

பாலியல் துன்புறுத்தல் என்று தெரிந்தாலோ சந்தேகம் வந்தாலோ, பிள்ளை சொன்ன வார்த்தைகளை அப்படியே குறித்துக்கொண்டு கேள்வியை நிறுத்திவிடுங்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012-இன் 19-ஆம் பிரிவுப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். “பள்ளிப் பெயர் கெட்டுவிடும்” என்று மறைப்பது 21-ஆம் பிரிவின்படி குற்றம். குழந்தைகளுக்கான உதவி எண்ணான சைல்டுலைன் 1098. “செத்துப் போறேன்” என்று பிள்ளை சொன்னால், எத்தனை சின்ன வயதானாலும் சிரித்துத் தள்ளாதீர்கள். தனியே விடாமல் அன்றைக்கே பெற்றோரை வரவழைத்து மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

வகுப்பில் மூச்சுப் பயிற்சிக்கு மதிய உணவுக்குப் பின் ஐந்து நிமிடம் போதும். சூடான பாலை ஊதி ஆற்றுவது போல: மூக்கால் மூன்று எண்ணும்வரை இழுத்து, வாயால் ஐந்து எண்ணும்வரை மெதுவாக ஊத வேண்டும், ஆறு தடவை. எல்லாரும் அமைதியாக இருக்கும்போதே பழக்க வேண்டும். அழுதுகொண்டிருக்கும் பிள்ளைக்குப் புதிதாகக் கற்றுக்கொடுத்தால் ஏறாது. இன்னொன்று: வகுப்பு முன்னால் “மக்கு” என்று சொல்லிவிட்டு மூச்சுப் பயிற்சி நடத்துவதில் அர்த்தமே இல்லை. கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 17-ஆம் பிரிவு அடியை மட்டுமல்ல, மன ரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது.

பெற்றோரிடம் வாசலில் நின்று புகாராகச் சொன்னால் அன்று இரவு பிள்ளைக்கு அடி விழும். உட்கார வைத்து, முதலில் பிள்ளையின் நல்லது ஒன்றைச் சொல்லுங்கள். பிறகு தூக்கம், கைப்பேசி, புதிதாகப் பிறந்த தம்பி தங்கை, வீட்டில் நடந்த சாவு, வேலைக்கு வெளியூர் போன அப்பா என்று ஒவ்வொன்றாக விசாரியுங்கள். மந்திரித்துக் கயிறு கட்டியிருந்தால் கேலி வேண்டாம். “கயிறு இருக்கட்டும்மா, டாக்டரையும் ஒரு தடவை பார்த்துடலாம்” என்றால் வருவார்கள். மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல ஆலோசனை) எண்ணில் எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். நோயின் பெயரை மட்டும் நீங்கள் சொல்லாதீர்கள், அது மருத்துவர் வேலை.

பயத்தில் பள்ளிக்கு வராமல் நின்றுவிட்ட பிள்ளைக்கு “ஒரு வாரம் லீவு எடுக்கட்டும்” என்பது நல்லெண்ணத்தில் செய்யும் தவறு. நாள் கூடக் கூடப் பயமும் கூடும். தலைமை ஆசிரியரிடம் பேசி, முதல் இரண்டு நாள் மதியம்வரை, பிறகு முழு நாள் என்று ஏற்பாடு செய்யுங்கள். வாசலில் நீங்களே நின்று கூட்டிக்கொண்டு போய், பிடித்த தோழி பக்கத்தில் உட்கார வைத்து, சாக்பீஸ் எடுத்து வரும் வேலையைக் கொடுங்கள். “ஏன் வரலே?” என்று மற்ற பிள்ளைகள் கேட்காமல் இருக்க, முந்தின நாளே வகுப்பில் சொல்லி வையுங்கள்.