சேமிப்புக் கணக்கில் அபராதம் பிடித்தால்: பணத்தைத் திரும்பக் கேட்பதும் வங்கி மாறுவதும்

உங்கள் ஸ்டேட்மென்டில் 590, 295, 118 என்று எதோடும் ஒட்டாத தொகைகள் கழிந்திருக்கின்றனவா? அவற்றை 1.18-ஆல் வகுத்துப் பாருங்கள். 500, 250, 100 என்று முழு எண்கள் வரும். வங்கி போட்ட கட்டணம், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. இந்தப் பதிவு அந்தத் தொகைகளைப் பற்றியது. என் சம்பளக் கணக்கில் இப்படிப் பிடித்ததில் பெரும்பகுதியைத் திரும்ப வாங்கிவிட்டு, பிறகு வங்கியையும் மாற்றினேன். எதை முதலில் செய்ய வேண்டும், எதைக் கடைசியில் செய்ய வேண்டும் என்ற வரிசைதான் இதில் முக்கியம்.

ஓவர்டிராஃப்ட், அதாவது இருப்புக்கு மேல் எடுக்க வங்கி தரும் கடன் வசதி, இங்கே நாம் கேட்டு வாங்கினால்தான் உண்டு. சாதாரண சேமிப்புக் கணக்கில் பணம் போதவில்லை என்றால் வங்கி தன் கையிலிருந்து போட்டு நிரப்பாது. பணம் கேட்டு வந்த கட்டளையைத் திருப்பி அனுப்பிவிட்டு, திருப்பி அனுப்பியதற்குக் கட்டணம் போடும்.

படி 1: எந்தக் கட்டணம் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

நெட் பேங்கிங்கில் ஆறு மாத ஸ்டேட்மென்டை எக்செல் கோப்பாக இறக்குங்கள். மொபைல் செயலியை இதற்கு நம்ப வேண்டாம். பல செயலிகள் விவரத்தைப் பாதியில் வெட்டிவிட்டு "சார்ஜஸ்" என்று மட்டும் காட்டும். எக்செல் என்றால் வடிகட்டிப் பார்க்கலாம்.

அபராதம் என்று சொல்லத்தக்கவை பெரும்பாலும் மூன்று. மினிமம் பேலன்ஸ் வைக்காததற்கு ஒன்று. ஈஎம்ஐ, எஸ்ஐபி (மியூச்சுவல் ஃபண்ட் தவணை), காப்பீட்டு பிரீமியம் போன்ற ஆட்டோ டெபிட் பவுன்ஸ் ஆனதற்கு ஒன்று. விவரத்தில் "நாச்" (தவணைகளைக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்க வங்கிகள் பயன்படுத்தும் முறை) அல்லது அதன் பழைய வடிவமான "இசிஎஸ் ரிட்டர்ன்" என்று இருக்கும். பணம் இல்லாமல் ஏடிஎம்மில் எடுக்க முயன்றதற்கு ஒன்று. டெபிட் கார்டின் ஆண்டுக் கட்டணம், எஸ்எம்எஸ் கட்டணம் எல்லாம் வேறு வகை. அவற்றை இந்தக் கணக்கோடு குழப்ப வேண்டாம்.

படி 2: மாத சராசரி இருப்பைப் போட்டுப் பாருங்கள்

பலரும் இடறுவது இங்கேதான். "என் கணக்கில் எப்போதும் ரெண்டாயிரமாவது இருந்ததே, நேற்றுகூட ஐயாயிரம் போட்டேனே" என்று கிளையில் வாதாடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். வங்கி பார்ப்பது ஒரு நாளின் இருப்பை இல்லை. ஒவ்வொரு நாளும் முடியும்போது கணக்கில் என்ன இருந்தது என்று எடுத்து, எல்லாவற்றையும் கூட்டி, மாதத்தின் நாட்களால் வகுக்கிறது. அதுதான் மாத சராசரி இருப்பு.

சராசரி 5,000 ரூபாய் வேண்டும், மாதத்துக்கு 30 நாள் என்று வைத்துக்கொள்வோம். தினசரி இருப்புகளின் கூட்டுத்தொகை 1,50,000 வர வேண்டும். 20-ஆம் தேதி வரை தினமும் 2,000 மட்டுமே இருந்தது என்றால் 40,000 ஆயிற்று. பாக்கி 1,10,000. மீதி 10 நாளும் 11,000 வைத்திருந்தால் சராசரி சரியாகிவிடும். 25-ஆம் தேதிதான் கவனிக்கிறீர்கள் என்றால், மீதி 5 நாளும் 20,000 வேண்டும்.

அதாவது, மாதம் முழுக்கப் பணத்தை முடக்கி வைக்க வேண்டியதில்லை. கணக்கில் கொஞ்சம் பெரிய தொகை சில நாட்கள் நின்றாலே போதும். வேறு கணக்கில் சும்மா கிடக்கும் பணத்தைக் கடைசி வாரத்தில் இங்கே மாற்றி வைத்து, மாதம் பிறந்ததும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். நாள் முடிவு இருப்புதான் கணக்கு என்பதால், காலையில் போட்டு மாலையில் எடுத்தால் பயனில்லை. சில வங்கிகள் மாதத்துக்குப் பதில் காலாண்டுச் சராசரி பார்க்கும். கட்டணப் பட்டியலில் அதை ஒரு தடவை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

சம்பளக் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வேலை மாறி, சில மாதங்கள் சம்பளம் வராமல் போனால், அந்தக் கணக்கு சாதாரண சேமிப்புக் கணக்காக மாற்றப்படும். ஜீரோ பேலன்ஸ் சலுகை அதோடு போய்விடும். எனக்கு அபராதம் விழுந்தது இப்படித்தான். மாற்றிய தகவல் எனக்கு வரவே இல்லை. திரும்பக் கேட்டபோது அதுவே எனக்குப் பிடிமானமாக இருந்தது.

படி 3: ஈஎம்ஐ பவுன்ஸை உடனே நிறுத்துங்கள்

மினிமம் பேலன்ஸ் அபராதம் மெதுவாக அரிக்கும். ஈஎம்ஐ பவுன்ஸ் ஒரே வாரத்தில் பெரிய ஓட்டை போட்டுவிடும். உங்கள் வங்கி ஒரு கட்டணம் போடும், கடன் கொடுத்த நிறுவனம் தனியாக ஒன்று போடும். பணம் வரவில்லை என்று அந்த நிறுவனம் மறுபடி கட்டளை அனுப்பினால், அதுவும் பவுன்ஸ் ஆகி இன்னொரு கட்டணம். 2021 ஆகஸ்ட் 1 முதல் ஞாயிறு, விடுமுறை நாட்களிலும் நாச் வேலை செய்கிறது. "நாளை ஞாயிறு, திங்கட்கிழமை போட்டுக்கொள்ளலாம்" என்ற பழைய கணக்கு இப்போது பலிக்காது.

போதிய பணம் இல்லாமல் மின்னணுக் கட்டளை திரும்புவது வெறும் கட்டண விவகாரமும் இல்லை. 2007-ஆம் ஆண்டின் பணம் செலுத்தல் மற்றும் தீர்வு முறைகள் சட்டத்தின் 25-ஆம் பிரிவு, காசோலை திரும்புவதைப் போலவே இதையும் குற்றமாக வைத்திருக்கிறது. தவணை தாமதமானால் கிரெடிட் அறிக்கையிலும் ஏறும்.

கடன் கொடுத்தவரிடம் பேசி, தவணைத் தேதியைச் சம்பளத்துக்கு இரண்டு மூன்று நாள் பின்னால் தள்ளக் கேளுங்கள். பலரும் சம்மதிப்பார்கள். அப்புறம், பவுன்ஸ் ஆன தவணையை நீங்களே நேரடியாகக் கட்டினால், "மறுபடி கட்டளை அனுப்ப வேண்டாம்" என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் கட்டிய தவணைக்கே இன்னொரு முறை கட்டளை வந்து நிற்கும்.

வங்கியில் வைப்பு நிதி (எஃப்டி) இருப்பவர்களுக்கு என் பரிந்துரை, அதன் மேல் ஓவர்டிராஃப்ட் வசதி எடுத்து வைப்பது. வைப்பு நிதி வட்டியைவிட ஒன்றிரண்டு சதவீதம்தான் கூடுதல் இருக்கும், அதுவும் எடுத்த தொகைக்கு, எடுத்த நாட்களுக்கு மட்டும். ஒரு வாரம் 10,000 ரூபாய் எடுப்பதற்கான வட்டி, ஒரு பவுன்ஸ் கட்டணத்தின் பக்கத்தில்கூட வராது. ஜன் தன் கணக்கிலும் தகுதி இருந்தால் 10,000 ரூபாய் வரை ஓவர்டிராஃப்ட் உண்டு. கணக்கை ஒழுங்காக இயக்கிக்கொண்டிருந்தால் கேட்டுப் பாருங்கள்.

படி 4: பணத்தைத் திரும்பக் கேளுங்கள்

தொலைபேசியில் கேட்காதீர்கள். கேட்டாலும் அதோடு நிற்காதீர்கள். மின்னஞ்சலிலோ, நெட் பேங்கிங்கில் உள்ள புகார்ப் பகுதியிலோ எழுதுங்கள். புகார் எண் வரும். அந்த எண் இல்லாமல் பின்னால் எதுவும் நகராது.

எழுதும்போது "கட்டணம் அதிகம்" என்று கெஞ்ச வேண்டியதில்லை. ரிசர்வ் வங்கி 2014 நவம்பர் 20-இல் வெளியிட்டு, 2015 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகள் நம் பக்கம் நிற்கின்றன. இருப்பு குறைந்தால் வங்கி அதை வாடிக்கையாளருக்கு எஸ்எம்எஸ், மின்னஞ்சல், கடிதம் போன்ற ஏதாவது ஒரு வழியில் தெளிவாகத் தெரிவிக்க வேண்டும். சரிசெய்ய ஒரு மாதமாவது அவகாசம் தர வேண்டும். இருப்பு எவ்வளவு குறைந்ததோ, அபராதம் அதற்கேற்ற சதவீதமாக இருக்க வேண்டும். இந்த அபராதத்தால் மட்டுமே ஒரு சேமிப்புக் கணக்கு மைனஸில் போகக் கூடாது.

சதவீத விதியை வைத்து ஒரு கணக்குப் போடலாம். 5,000 வேண்டிய இடத்தில் சராசரி 2,000 என்றால் பற்றாக்குறை 3,000. வங்கியின் விகிதம் 6 சதவீதம் என்றால் 180, ஜிஎஸ்டியோடு 212.40. உங்களிடம் பிடித்தது இதைவிட அதிகமாக இருந்தால், அந்தக் கணக்கையே கடிதத்தில் எழுதிக் காட்டுங்கள்.

நான் அனுப்பியது ஏறக்குறைய இப்படி இருந்தது:

"என் கணக்கில் மினிமம் பேலன்ஸ் அபராதம் கீழ்க்கண்ட தேதிகளில் பிடிக்கப்பட்டுள்ளது. பிடிப்பதற்கு முன் எனக்கு அறிவிப்பு அனுப்பப்பட்ட தேதியையும் வழியையும் தெரிவிக்கவும். ரிசர்வ் வங்கி விதிப்படி ஒரு மாத அவகாசத்துடன் அறிவிப்பு அனுப்பப்படவில்லை என்றால், பிடித்த தொகையை ஜிஎஸ்டியுடன் திரும்ப வரவு வைக்கவும்."

கேள்வியோடு தொடங்குவதில் ஒரு பலன் இருக்கிறது. அறிவிப்பு அனுப்பிய சான்றை வங்கிதான் தேடி எடுக்க வேண்டும். என் விஷயத்தில் முதல் பதில் பொத்தாம்பொதுவாக வந்தது. அதே கேள்வியை மறுபடி அனுப்பிய பிறகுதான் பணம் வந்தது.

30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை. சிஎம்எஸ் டாட் ஆர்பிஐ டாட் ஓஆர்ஜி டாட் இன் தளத்தில் பதியலாம். சந்தேகம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. இங்கேயும் சொல்லும் விதம் முக்கியம். வங்கி எவ்வளவு கட்டணம் வைக்கிறது என்பது அதன் வணிக முடிவு. அதை எதிர்த்துப் போனால் புகார் நிற்காது. "அறிவிப்பு இல்லாமல் பிடித்தார்கள்" என்பது விதிமீறல்; அதை முன்னால் வையுங்கள்.

படி 5: மாறத்தான் வேண்டுமா?

எல்லோருக்கும் தேவையில்லை. அதே வங்கியில் அடிப்படை சேமிப்புக் கணக்காக மாற்றித் தரும்படி கேட்கலாம். அதற்கு மினிமம் பேலன்ஸ் கிடையாது, ஏடிஎம் கார்டு உண்டு, மாதம் குறைந்தது 4 முறை இலவசமாகப் பணம் எடுக்கலாம். அதே வங்கியில் இன்னொரு சேமிப்புக் கணக்கு மட்டும் வைத்திருக்க முடியாது. கவுன்டரில் "அப்படி ஒன்றும் இல்லை" என்றால் கோரிக்கையை எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள்.

பாரத ஸ்டேட் வங்கி 2020 மார்ச்சிலேயே சேமிப்புக் கணக்குகளுக்கு இந்த அபராதத்தை நீக்கிவிட்டது. 2025-இல் கனரா வங்கி ஜூனிலும், இந்தியன் வங்கி ஜூலையிலும் நீக்கின. எனவே வருமானம் ஏறி இறங்கும் குடும்பம் மினிமம் பேலன்ஸ் கேட்கும் கணக்கில் மாட்டிக்கொண்டு கிடக்க வேண்டிய காலம் இது இல்லை. கிளையில் நல்ல மேனேஜர் இருக்கிறார் என்பதற்காக மாதாமாதம் அபராதம் கட்டாதீர்கள். மேனேஜர் மாறுவார், கட்டணப் பட்டியல் அப்படியே இருக்கும்.

படி 6: மாறும் வரிசை

மொபைல் எண்ணை வைத்துக்கொண்டே நிறுவனம் மாறுவது போன்ற வசதி வங்கிக் கணக்குக்கு இல்லை. எல்லாவற்றையும் நாமே ஒவ்வொன்றாக நகர்த்த வேண்டும். புதுக் கணக்கைத் திறந்த கையோடு பழையதை மூடிவிட வேண்டாம். இரண்டும் சில மாதங்கள் சேர்ந்து ஓடட்டும்.

பழைய ஸ்டேட்மென்டில் ஒரு வருடத்தைப் புரட்டி, உள்ளே வருவதையும் வெளியே போவதையும் தனித்தனியாக எழுதுங்கள். ஆறு மாதம் போதாது. வருட பிரீமியம் விட்டுப்போகும். சம்பளம், வாடகை, பிஎஃப் தளத்தில் உள்ள கணக்கு எண், வருமான வரி ரீஃபண்டுக்கான கணக்கு ஆகியவற்றை முதலில் மாற்றுங்கள். ஆட்டோ டெபிட் கட்டளைகள் அடுத்து. புது நாச் பதிவாகச் சில வாரங்கள்கூட ஆகலாம். அதுவரை பழைய கணக்கில் அடுத்த தவணைக்கான பணத்தை விட்டு வையுங்கள்.

ஆதார் இணைப்பில்தான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். அரசு நேரடியாகப் போடும் பல தொகைகள் நாம் எழுதிக் கொடுத்த கணக்கு எண்ணுக்குப் போவதில்லை. ஆதாரோடு கடைசியாக இணைத்த வங்கிக்குப் போகின்றன. புதுக் கணக்கில் கேஒய்சிக்கு (அடையாளச் சரிபார்ப்புக்கு) ஆதார் கொடுத்ததும், மானியம் பெற இணைத்ததும் ஒன்றல்ல. இரண்டாவதற்குத் தனியாகச் சம்மதம் தர வேண்டும். இணைந்ததா என்று மைஆதார் தளத்தில் வங்கி இணைப்பு நிலை பகுதியில் பார்க்கலாம்.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 2023 செப்டம்பரில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகையின் முதல் 1,000 ரூபாய் வந்தபோது, சில வங்கிகள் பழைய மினிமம் பேலன்ஸ் பாக்கியை அதிலேயே பிடித்துக்கொண்டன என்று புகார்கள் எழுந்தன. அப்போதைய தமிழ்நாடு நிதியமைச்சர் தங்கம் தென்னரசு அதைக் கண்டித்தார். வீட்டில் அம்மாவுக்கோ பாட்டிக்கோ பல வருடமாகத் தொடாத ஒரு கணக்கு இருந்தால், உதவித்தொகை எந்த வங்கிக்குப் போகிறது என்று இன்றே பாருங்கள்.

எல்லாம் நகர்ந்த பிறகுதான் மூடல். முந்தைய வருடங்களின் ஸ்டேட்மென்டுகளை முழுதாக இறக்கிவிடுங்கள். மூடியதும் நெட் பேங்கிங் போய்விடும். கணக்கு திறந்து ஒரு வருடம் ஆகவில்லை என்றால் மூடல் கட்டணம் கேட்கும் வங்கிகள் உண்டு. "லீன்" என்று ஏதாவது தொகை நிறுத்தி வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். பிடிக்க முடியாத பழைய கட்டணம் அங்கே ஒளிந்திருக்கும், அது தீராமல் கணக்கை மூட மாட்டார்கள். அது மினிமம் பேலன்ஸ் அபராதம் என்றால், கட்டுவதற்கு முன் படி 4 கடிதத்தை அனுப்புங்கள்.

பிறகு சேர்த்தது

இதைப் படித்த சிலர், இரண்டு வருடத்துக்கு மேல் இயக்காத கணக்கில் அபராதம் ஏறிக்கொண்டே போகுமா என்று கேட்டிருந்தார்கள். செயல்படாத கணக்கில் மினிமம் பேலன்ஸ் அபராதம் பிடிக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. பிடித்திருந்தால் அதையும் திரும்பக் கேளுங்கள்.

கூட்டுக் கணக்கை மூட ஒருவர் மட்டும் போய்த் திரும்பி வந்ததாக இன்னொருவர் எழுதியிருந்தார். மூடல் படிவத்தில் பெயருள்ள எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் வெளியூரில் இருந்தால் படிவத்தை முன்கூட்டியே அனுப்பிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். மீதமுள்ள காசோலைத் தாள்களையும் டெபிட் கார்டையும் அதோடு எடுத்துப் போங்கள். கணக்கு மூடப்பட்டதற்கான கடிதத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.