சைடு வீல் ஸ்கூட்டர்ல மலை ஏறும்போது சூட்டை எப்படி சமாளிக்கிறது

செங்கோட்டையில இருந்து புனலூருக்கு நான் சைடு வீல் வச்ச 110 சிசி ஸ்கூட்டர்லதான் போயிட்டு வாரேன், எனக்கு இடது கால் போலியோ. ரெண்டு சக்கரக்காரங்க சொல்ற கணக்கு நமக்கு சரியா வராது, ஏன்னா அதே சின்ன இன்ஜின்தான் இரும்பு ஃப்ரேம், கூட ரெண்டு டயர், ஊன்றுகோல், பை எல்லாத்தையும் சேத்து இழுக்குது.

முதல்ல வலது பக்கம் ஃபேன் கவரைப் பாருங்க. நம்ம இன்ஜின் சீட்டுக்கு அடியில மூடி கெடக்கு, எதிர்காத்து அதுமேல படாது, மேக்னட்டோட சேந்து சுத்துற ஃபேன்தான் வெளிக்காத்தை இழுத்து சிலிண்டரை ஆத்தணும். என் வண்டிக்கு சைடு வீல் மாட்டுன பட்டறையில மட்கார்டை அந்த கவரை ஒட்டியே வெல்டு வச்சுட்டாங்க, நானும் அந்த சந்துல ரெயின்கோட்டை சொருகி வச்சிருந்தேன், புளியரை எஸ் வளைவு ஏறி முடிக்கிறதுக்குள்ள வண்டி இழுக்கவே இல்ல, அடியில இருந்து ஒரே காந்தல் நாத்தம். மட்கார்டை வெட்டி நாலு விரக்கடை இடைவெளி விட்டப்புறம்தான் சரியாச்சு. அந்தப் பக்கம் எதையும் கட்டாதீங்க, ஊன்றுகோல் இடது பக்கமே இருக்கட்டும். கவர் ஸ்க்ரூ ஒண்ணு விழுந்திருந்தாலும் காத்து அது வழியா வெளிய போயிரும்.

ஏத்தத்துல லாரி மறிச்சு நிக்கும்போது ஆக்சிலேட்டரை லேசா முறுக்கி வண்டியைப் பிடிச்சு வைக்கிற பழக்கம் இருந்தா விட்டுருங்க, கிளட்சு வழுக்கி வழுக்கி சூடாகுறது அப்பதான், பிரேக்கைப் பிடிச்சு நில்லுங்க. கிளம்புறதுக்கு முன்னாடி ஆயில் குச்சியைப் பாத்துருங்க. சூடா இருக்குற இன்ஜின்ல தண்ணி மட்டும் ஊத்தவே கூடாது.

இப்ப கால் விஷயம், இதைத்தான் கண்டிப்பா சொல்லணும்னு நெனச்சேன். போலியோ காலுக்கு சூடு தெரியும், ஆனா சட்டுனு இழுக்க முடியாது. முதுகுத்தண்டு அடிபட்டவங்களுக்கு சூடே தெரியாம போகலாம். என் சேக்காளி ஒருத்தர் பனையில இருந்து விழுந்தவர், தென்மலையில வண்டியிலயே வலது பக்கம் திரும்பி உக்காந்து டீ குடிச்சாரு, கெண்டைக்கால் சைலென்சர் மேல சாஞ்சு கெடந்தது எங்க யாருக்கும் தெரியல, வேட்டியை விலக்கிப் பாத்தா தோல் வெள்ளையா உரிஞ்சு நிக்குது. அவருக்கு ஒண்ணுமே தெரியல, அதான் எனக்கு இன்னும் மனசு ஆறல. அப்படி ஆச்சுன்னா 20 நிமிஷம் ஓடுற பச்சைத்தண்ணியில காட்டணும், பேஸ்ட்டு, மஞ்சள் எதுவும் தடவாம டாக்டர்கிட்ட போகணும்.

அதனால எறங்குறது இடது பக்கமா இருக்கட்டும், கால் வைக்கிற தகடு ஓரத்துல ஒரு இஞ்சு உயரத்துக்குப் பட்டை வச்சா கால் நழுவாது. சைலென்சர் மேல கால் படாம இருக்க மாட்டுற மூடி கழண்டிருந்தா மாட்டாம ஊரைத் தாண்டாதீங்க. காலிபர் (காலைத் தாங்குற கம்பிச் சட்டம்) போடுறவங்க வெயில்ல நிறுத்தும்போது கம்பி மேல துண்டு போட்டு வைங்க.

ஒடம்புக்கு வர்ற காத்து வேற கதை. ஆடியில ஆரியங்காவு கணவாய் வழியா மேகாத்து, அதாவது மேற்க இருந்து அடிக்கிற காத்து வரும், புனலூருக்குப் போகும்போது நெஞ்சுல அடிச்சு குளுகுளுன்னு இருக்கும், திரும்பும்போது காத்து முதுகுப் பக்கம் நம்ம வேகத்துலயே கூட வரும், அப்ப காத்தே இல்லாத மாதிரி இருக்கும், இன்ஜின் சூடு சீட்டைச் சுத்தியே நிக்கும். வண்டிக்குப் பெருசா வித்தியாசம் இல்ல, ஃபேன் இன்ஜின் சுத்துற வேகத்துக்குத்தான் ஓடும். நாமதான் வாடிப்போவோம். அதனால திரும்பும்போது நான் கழுதுருட்டி பதிமூணு கண் பாலத்துக்கிட்ட நிழல்ல ஒரு தடவை நிறுத்துவேன். பங்குனி சித்திரையில பெரிய விண்ட்ஷீல்டைக் கழட்டிருங்க, புனலூர் வெயில் கேரளாவுலயே பேர் போனது.

முதுகுத்தண்டு அடிபட்டவங்களுக்கு அடிபட்ட இடத்துக்குக் கீழ சரியா வேர்க்காது, ஒடம்பு தானா ஆறாது, ஈரத்துண்டு கழுத்துல போட்டு, கால் மணிக்கு ஒருக்கா ஓரமா நிறுத்தி கையை ஊனி சீட்டுல இருந்து எந்திரிச்சு உக்காரணும், உக்காந்த எடம் வெந்துபோனா புண்ணு வந்துரும். நாங்க இப்பல்லாம் காலையில அஞ்சரைக்கே கிளம்பிருதோம், நிறுத்துற எடத்துலல்லாம் அந்த சேக்காளி காலை நான் கையால தொட்டுப் பாத்துருவேன்.