பீர் குடித்ததும் முகம் சிவந்து தலை வலிக்கிறதா? சென்னைக்குப் புதிதாக வந்த தமிழர்களுக்கு

இலங்கை, மலேசியா, கனடா என எங்கிருந்து வந்திருந்தாலும், சென்னையில் ஒரு கிளாஸ் பீர் குடித்த கொஞ்ச நேரத்தில் முகம் சூடேறிச் சிவந்தால், மூக்கு அடைத்தால், தலை வலித்தால், தோல் அரித்தால் உடனே வெயிலின் மேல் பழி போடத் தோன்றும். அதற்கு முன் ஹிஸ்டமின் ஒவ்வாமையையும் யோசித்துப் பாருங்கள்: சில உணவுகளில் இருக்கும் ஹிஸ்டமின் என்ற பொருளை உடலால் போதுமான அளவு சிதைக்க முடியாத நிலை அது, உண்மையான அலர்ஜி அல்ல.

உணவில் வரும் ஹிஸ்டமினைச் சிறுகுடலில் சிதைப்பது டயமின் ஆக்சிடேஸ் என்ற நொதி. அது போதாதவர்களுக்கு பீர் மத்தளத்துக்கு இரு பக்கமும் இடி மாதிரி. பீர் நொதிக்கும்போது ஈஸ்ட்டோடு லாக்டிக் பாக்டீரியாவும் சேர்ந்துவிட்டால் பீரிலேயே ஹிஸ்டமின் உருவாகும். ஆல்கஹால் வேறு அந்த நொதியின் வேலையைத் தடுக்கும். பாக்டீரியாவைக் கொண்டே புளிக்கவைக்கும் புளிப்பு பீர் வகைகளில் அளவு கூடுதல். வடிகட்டிய லாகர் வகை பீரில் பொதுவாகக் குறைவு. ஆனாலும் ஒரே பிராண்டில்கூட தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். போன வாரம் ஒத்துக்கொண்டது இந்த வாரம் படுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆல்கஹால் இல்லாத பீரிலும், நொதித்துச் செய்ததென்றால், ஹிஸ்டமின் இருக்கலாம்.

பலர் கவனிக்காதது சைடு டிஷ். சென்னையில் பீரோடு வருவது வஞ்சிரம் வறுவல், ஊறுகாய், கருவாடு. வஞ்சிரம் (இலங்கையில் அறக்குளா), சூரை, கானாங்கெளுத்தி, மத்தி ஆகியவற்றின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். பிடித்த மீன் ஐஸில்லாமல் கிடந்தால் பாக்டீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். உருவானபின் எண்ணெயில் பொரித்தாலும் குழம்பில் கொதிக்கவைத்தாலும் போகாது. நாற்றமும் வராமல் இருக்கலாம். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் வாங்கினாலும் ஐஸ் மூடிய மீனாகப் பார்த்து வாங்கி, ஐஸோடு வீட்டுக்குக் கொண்டுவந்து, உடனே குடலை எடுத்து, 4 டிகிரிக்குக் கீழே வைத்து, அன்றே சமையுங்கள். கரன்ட் போய் ஃப்ரிட்ஜ் சூடேறியிருந்தால் அந்த மீன் வேண்டாம். மறுநாள் மீன்குழம்பின் ருசி நமக்குத் தெரியும்தான். இந்தத் தொல்லை உள்ளவர்கள் அதை விட்டுவிடுவதே நல்லது. கொடுவா, சங்கரா, வவ்வால் இவ்வளவு ஆபத்தில்லை. மாசிக்கருவாடு சூரையிலிருந்து செய்வது. பீர் குடிக்கும் நாளில் மாசிச் சம்பல் சேர்க்காதீர்கள்.

மாத்திரைகளையும் பாருங்கள். காசநோய்க்குத் தரும் ஐசோனியசிட், ரத்த அழுத்தத்துக்கான வெராபமில், வாந்திக்கான மெட்டோகுளோபிரமைடு, அமாக்சிசிலினோடு சேர்ந்து வரும் கிளாவுலானிக் அமிலம் ஆகியவை அந்த நொதியைத் தடுப்பவை. புது ஊர்த் தண்ணீரால் வயிறு கெட்டு மெட்ரோனிடசோல் சாப்பிடுபவர்களுக்கு மதுவோடு முகம் சிவந்து வாந்தி வரலாம் என்று மருந்துக் குறிப்பே எச்சரிக்கிறது. அது ஹிஸ்டமின் கணக்கில் சேராது. எதுவானாலும் நிறுத்த வேண்டியது பீரை, மாத்திரையை அல்ல.

இதை உறுதிசெய்ய நம்பகமான ரத்தப் பரிசோதனை இல்லை. விலையுயர்ந்த பேக்கேஜ்களுக்குப் பணம் கட்டாமல், டாக்டரிடம் சொல்லிவிட்டு 10 முதல் 14 நாள் மது, கருவாடு, ஊறுகாய், பழைய சீஸ், தக்காளி, கத்தரிக்காய், மீந்துபோன அசைவம் எல்லாவற்றையும் விலக்குங்கள். சாப்பிட்டது, நேரம், அறிகுறி மூன்றையும் எழுதுங்கள். தொல்லை குறைந்தால் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேருங்கள், பீர் கடைசியில். அன்று சோறும் புதிதாகச் சமைத்த காயும் சாப்பிட்டு, சாதாரண லாகரில் 150 மி.லி. மட்டும் குடித்து, 24 மணி நேரம் கவனியுங்கள். அரசு மதுக்கடையான டாஸ்மாக்கில் வழக்கமாகக் கிடைப்பது 650 மி.லி. பாட்டில். மிச்சம் வீணாகிறதே என்று குடித்துவிட்டால் சோதனை கெட்டது. ‘ஸ்ட்ராங்’ வகை வேண்டவே வேண்டாம். ஆல்கஹால் கூடக்கூட நொதிக்குத் தடையும் கூடும். தடுப்பாக செட்டிரிசின் என்ற அலர்ஜி மாத்திரையைப் போட்டுக்கொண்டு குடிப்பதும் தவறு: தூக்கக் கலக்கம் கூடும், சோதனை முடிவும் மறைந்துவிடும்.

முன்பு எப்போதாவது உதடு, நாக்கு வீங்கியோ மூச்சுத் திணறியோ மயங்கியோ இருந்தால் இந்தச் சோதனையை வீட்டில் செய்யவே கூடாது. அது பார்லி, கோதுமை போன்றவற்றுக்கான உண்மையான அலர்ஜியாக இருக்கலாம்; அலர்ஜி டாக்டரிடம் போங்கள். அப்படி நடக்கும்போதே 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். ஆளைப் படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள், மூச்சுத் திணறினால் சாய்த்து உட்காரவையுங்கள், எழுந்து நடக்க விடாதீர்கள். என்ன குடித்தார், எதோடு சாப்பிட்டார், எந்த மாத்திரையில் இருக்கிறார் என்று வந்தவர்களிடம் சொல்லுங்கள்.