‘பராமரிப்பு’ என்று கேட்டால் பதில் வராது: மட்டக்களப்பு, அம்பாறையில் கள ஆய்வு செய்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைக் கிராமம் ஒன்றில் ஒரு அம்மம்மாவிடம் நான் கேட்ட முதல் கேள்வி இது: “பேரப்பிள்ளைகளின் பராமரிப்பில் நீங்கள் எதிர்நோக்கும் சவால்கள் என்ன?” அவர் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு, “பொருளாதாரப் பிரச்சினைதான் மகள்” என்றார். அடுத்த வீட்டிலும் அதே பதில். அதற்கடுத்த வீட்டிலும் அதேதான். மகள்மார் குவைத்துக்கும் சவுதிக்கும் வீட்டு வேலைக்குப் போயிருக்க, அவர்களுடைய பிள்ளைகளை வைத்துப் பார்க்கும் அம்மம்மாக்களைப் பற்றியது என் ஆய்வு. ஐந்து நேர்காணல்கள் முடிந்தபோதும் என் கையில் இருந்தது அந்த ஒரு பதில்தான்.

கேள்விதான் பிழை. பராமரிப்பு என்பது வீதிக்கும் குளத்துக்கும் சொல்கிற சொல், தொண்டு நிறுவனப் படிவங்களில் வருகிற சொல். எந்த அம்மம்மாவும் தன் பேரனைப் ‘பராமரிப்பதாக’ நினைப்பதில்லை. பார்க்கிறார், வளர்க்கிறார், வைத்திருக்கிறார். ‘சவால்’ என்பதும் அப்படித்தான். போருக்கும் 2004 சுனாமிக்கும் பிறகு இந்த ஊர்களில் எத்தனையோ கூட்டங்கள், பயிற்சிப் பட்டறைகள் நடந்துவிட்டன. பட்டறைத் தமிழில் கேட்டால் பட்டறைத் தமிழிலேயே பதில் சொல்ல மக்களுக்கு நன்றாகத் தெரியும்.

இரண்டாம் தடவை போனபோது, “நேற்றுக் காலையில் எழும்பினதிலிருந்து என்னென்ன செய்தீங்க, சொல்லுங்க அம்மம்மா” என்று மட்டும் கேட்டேன். ஒன்றேகால் மணி நேரம் பேசினார். விடிய முன்னர் தண்ணீர் சுட வைத்தது, சின்னவனுக்கு இழுப்பு வந்தது, மூத்தவளின் பாடசாலைச் சப்பாத்துக்கு வெள்ளை பூசியது. வெள்ளிக்கிழமை தாயின் அழைப்பு வரும்போது சின்னவன் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வான் என்றார். அவன் அம்மா என்று கூப்பிடுவது அம்மம்மாவைத்தான். அது தனக்குச் சந்தோசமா, மகளை நினைத்துப் பயமா என்று தெரியவில்லை என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பொருளாதாரப் பிரச்சினையும் அதற்குள்ளேயே இருந்தது, சப்பாத்தின் விலையாக.

நீங்கள் உங்களிடம் கேட்டுக்கொள்ளும் ஆய்வுக் கேள்வி வேறு, எதிரில் இருப்பவரிடம் கேட்கும் கேள்வி வேறு. முதலாவதை அப்படியே தூக்கி இரண்டாவதாக வைப்பதுதான் நான் அதிகம் பார்க்கிற தவறு. மாணவர்கள் எனக்கு அனுப்பும் கேள்விக்கொத்துகளில் பாதிக்கு மேல் ஆய்வு முன்மொழிவின் வரிகளே கேள்விக்குறியோடு இருக்கும்.

வீடு எது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

வெளியூர்ப் பாடநூலில் இருந்து எடுத்த கேள்விகள் இங்கே எங்கே போய் முட்டும் என்பதற்கு ஒரு உதாரணம். “முதியவர்களை மருமகள் எப்படிக் கவனிக்கிறார்?” இந்தக் கரையில் பெரும்பாலான வீடுகளில் அதைக் கேட்க இடமே இல்லை. சீதனமாக வீடு மகளுக்குப் போகிறது, மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருகிறார். வயதான தாய் தகப்பன் மகளோடு அல்லது அதே வளவில் ஒரு சிறிய வீட்டில் இருப்பார்கள். அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே 1969இல் அக்கரைப்பற்றில் கள ஆய்வைத் தொடங்கி, பின்னரும் பல தடவை திரும்பி வந்தவர். தாய் வழியாக வரும் குடி என்ற குல முறையும் சீதன வீடும் தமிழர், முஸ்லிம்கள் இரு பகுதியாரிடமும் இருப்பதை அவர் விரிவாக எழுதியிருக்கிறார்.

இதைத் தெரியாமல் ‘குடும்பத் தலைவர்’, ‘குடும்ப அங்கத்தவர் எண்ணிக்கை’ என்று கட்டம் போட்டுக்கொண்டு போனால் ஆய்வு முதல் பக்கத்திலேயே கோணலாகிவிடும். ஒரு வளவில் மூன்று வீடு இருக்கும், மூன்றும் அக்கா தங்கையுடையது. கறி வேலியைத் தாண்டிப் போகும். பிள்ளை ஒரு வீட்டில் சாப்பிட்டு, இன்னொரு வீட்டில் பாடம் படித்து, மூன்றாவது வீட்டில் தூங்கும். யார் இந்தப் பிள்ளையைப் பார்க்கிறார்கள் என்பதற்கு ஒரு பெயரை எழுதச் சொல்லும் படிவம் அங்கே உதவாது. எந்தக் கோட்பாட்டையும் பயன்படுத்துங்கள், எனக்கு ஆட்சேபனை இல்லை. ஆனால் முதல் வாரம் கேள்வி கேட்காமல் வளவைப் படமாக வரையுங்கள், யார் எங்கே படுக்கிறார்கள், அடுப்பு எத்தனை என்று.

யாரோடு போய் இறங்குகிறீர்கள்

கோப்பும் பேனாவுமாகப் படலையைத் திறக்கும் ஒருவரை இந்த மக்கள் என்னவென்று நினைப்பார்கள்? அரசாங்கத்தின் அஸ்வெசும உதவிக்குக் கணக்கெடுக்க வந்தவர் என்று நினைக்கலாம். நுண்கடன் தவணை கேட்டு வந்தவர் என்று நினைத்து, “அம்மா இல்லை என்று சொல்லு” என்று பிள்ளையை வாசலுக்கு அனுப்பலாம். உதவி கொடுக்கப் பெயர் பதிய வந்திருக்கிறார்கள் என்றும் நினைக்கலாம். மூன்றிலும் உங்களுக்குக் கிடைக்கும் கதை வேறு வேறு. கிராம சேவகரோடு போனால் நான்காவது கதை.

கிராம சேவகரிடம் சொல்லாமல் போகக்கூடாது, அது மரியாதையும் அல்ல, பாதுகாப்பும் அல்ல. சொல்லிவிட்டுத் தனியாகப் போங்கள். உதவி எதுவும் வராது என்பதை முதல் நாளே, படிவத்தில் எழுதி வைக்காமல் வாயால், தெளிவாகச் சொல்லுங்கள். இரண்டாம் நாளும் சொல்ல வேண்டிவரும்.

இதில் எல்லாவற்றையும் விட ஆபத்தான ஒரு கேள்வி இருக்கிறது. கேட்க மிகச் சாதாரணமானது: “தாய் போகும்போது பிள்ளைக்கு என்ன வயது?” வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் குடும்பப் பின்னணி அறிக்கை கொடுக்க வேண்டும், ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் போக முடியாது என்று 2013இல் அரசாங்கம் விதி கொண்டுவந்தது. பின்னர் அந்த விதி தளர்த்தப்பட்டாலும் பயம் போய்விடவில்லை. அந்த வயது சரியாகச் சொல்லப்படாமல் போகலாம். சரியாகச் சொல்லப்பட்டாலோ, உங்கள் குறிப்பேட்டில் இருப்பது ஒரு குடும்பத்தை மாட்டிவிடக்கூடிய தகவல். ஆய்வுக்கு அந்த வயது உண்மையிலேயே தேவையா என்று யோசியுங்கள். தேவையில்லாத உண்மையைச் சேகரிக்காமல் விடுவதும் ஆய்வாளரின் வேலைதான்.

ஒப்புதல் கையெழுத்தும் இதோடு சேர்ந்ததே. பல தடவை கையெழுத்துப் போட்டு ஏமாந்தவர்களுக்கு அது உரிமையாகத் தெரியாது, கடன் பத்திரமாகத் தெரியும். உங்கள் நெறிமுறைக் குழு அனுமதித்தால் வாய்மொழி ஒப்புதலை ஒலிப்பதிவு செய்யுங்கள்.

காலமும் பார்க்க வேண்டும். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு நடக்கும் ஊருக்குள் நேர்காணலுக்கு நேரம் கேட்டுப் போகாதீர்கள். போனால் சடங்குக்குப் போங்கள். கணவனை இழந்த முஸ்லிம் பெண் நான்கு மாதம் பத்து நாள் இத்தா இருக்கிற வீட்டில் ஆண் ஆய்வாளர் படலையில் நின்று பேச்சுக் கொடுக்கக் கூடாது. இதெல்லாம் எழுத வேண்டுமா என்று கேட்கலாம். எழுத வேண்டியிருக்கிறது.

பாடசாலையில் குழுக் கலந்துரையாடல் வைத்தால், அதிபரோ ஆசிரியரோ அறையில் இருக்கும்போது பெற்றோர் பேசுவது கலந்துரையாடலே அல்ல. முதலில் பேசுபவர் சொன்னதை மற்றவர்கள் ஆமோதிப்பார்கள், அவ்வளவுதான்.

எத்தனை பேர் போதும்?

மாணவர்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். 2006இல் கிரெக் கெஸ்ட்டும் இரண்டு சகாக்களும் கானாவிலும் நைஜீரியாவிலும் பெண்களிடம் எடுத்த 60 நேர்காணல்களை ஆராய்ந்து, முதல் 12க்குள்ளேயே பெரும்பாலான விடயங்கள் வந்துவிட்டன என்று காட்டினார்கள். அதைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் 12 என்று எழுதுகிறார்கள். அவர்கள் பேசியது ஓரளவு ஒரே மாதிரியான பெண்களிடம், எல்லோரிடமும் ஏறக்குறைய ஒரே கேள்விகள். படுவான்கரை அம்மம்மாவையும் முஸ்லிம் ஊரான சாய்ந்தமருது மூத்தம்மாவையும் ஒரே ஆய்வில் வைத்துக்கொண்டு மொத்தம் 12 என்று நிறுத்த அது காரணமாகாது. இன்னொன்று: பத்துப் பேரிடம் பேசிவிட்டு “60 வீதமானோர்” என்று தயவுசெய்து எழுதாதீர்கள். ஆறு பேர் என்று எழுதினால் போதும். அந்த ஆறு பேரும் ஏன் அப்படிச் சொன்னார்கள் என்பதுதான் உங்களிடம் இருக்கிற சொத்து.

எழுதும்போது தொலைவது

ஒலிப்பதிவைக் கேட்டு எழுதுகையில் பலர் பேச்சைத் திருத்திவிடுகிறார்கள். “மறுகா அவ வரவே இல்ல” என்றது “பின்னர் அவர் வரவில்லை” ஆகிவிடுகிறது. அந்த ‘வே’யில் இருந்த கோபம் போய்விட்டது. அழுகை, நிறுத்தம், பேச்சை மாற்றியது, பக்கத்து வீட்டுக்காரி வந்ததும் குரல் தாழ்ந்தது, எல்லாவற்றையும் எழுதுங்கள். ஆய்வேடு ஆங்கிலத்தில் என்றாலும் குறியீடு இடும் வேலையை, அதாவது பேச்சின் துண்டுகளுக்குப் பெயர் வைத்துப் பிரிப்பதை, தமிழிலேயே செய்யுங்கள். “விட்டுட்டுப் போயிட்டா” என்பதை முதலே மொழிபெயர்த்தால், மகள் வெளிநாடு போனதையா, உலகத்தை விட்டே போனதையா சொன்னார் என்ற சந்தேகமே உங்களுக்கு வராது.

அப்புறம், கருப்பொருள்கள், அதாவது பலர் சொன்னதை ஒன்றாகக் கட்டும் கருத்துகள். நேர்காணலில் ஐந்து கேள்வி, ஆய்வேட்டில் ஐந்து கருப்பொருள், ஒவ்வொரு கேள்விக்கும் ஒன்று. அது பகுப்பாய்வு அல்ல, பதில்களை அடுக்கி வைப்பது. கருப்பொருள் பகுப்பாய்வுக்கு எல்லோரும் மேற்கோள் காட்டும் 2006 கட்டுரையை எழுதிய வெர்ஜீனியா பிரௌனும் விக்டோரியா கிளார்க்கும், கருப்பொருள்கள் தரவிலிருந்து தாமாக ‘வெளிப்பட்டன’ என்று எழுதுவதை அதே கட்டுரையில் கண்டித்திருக்கிறார்கள். தேடியதும் தெரிவு செய்ததும் நீங்கள். அப்படியே எழுதுங்கள், நீங்கள் யார், எந்த ஊர், தாயா, தாய் வெளிநாடு போன பிள்ளையா என்பதையும் சேர்த்து.

பெயரை மாற்றினால் ஆள் மறைந்துவிடுவார் என்று நம்பாதீர்கள். ‘கோயிலடியில் அப்பக் கடை வைத்திருக்கும், இரண்டு மகள்மார் குவைத்தில் இருக்கும் பெண்’ என்றால் ஊரில் பத்து வயதுப் பிள்ளைக்கும் ஆளைத் தெரியும். கடையை மாற்றுங்கள், மகள்மாரின் எண்ணிக்கையை விடுங்கள், தேவைப்பட்டால் இருவரின் கதையைப் பிரித்து வேறு வேறு இடத்தில் வையுங்கள். அப்படி மாற்றினீர்கள் என்பதை முறையியல் பகுதியில் சொல்லுங்கள்.

எழுதியதைக் கொண்டுபோய் அவர்களிடமே வாசித்துக் காட்டுவதைப் பலரும் கடைசியில் விட்டுவிடுகிறார்கள், நேரம் இல்லை என்று. நானும் விட்டுவிடப் பார்த்தேன். மாரி தொடங்க முன்னர் ஒரு நாள் குருமண்வெளித் துறையில் பாதையில் (வாவியைக் கடக்கும் மிதவையில்) ஏறி அக்கரைக்குப் போய், அந்த அம்மம்மாவுக்கு அவருடைய அத்தியாயத்தை வாசித்தேன். பொறுமையாகக் கேட்டார். முடிந்ததும், “தனியா வளர்க்கிறன் எண்டா எழுதியிருக்கிறீங்க மகள்?” என்று கேட்டு, வேலிக்கு அந்தப் பக்கம் சட்டி கழுவிக்கொண்டிருந்த தன் தங்கையைக் காட்டினார். நான்கு தடவை அந்த வளவுக்குப் போயிருக்கிறேன், அந்தத் தங்கை எனக்குத் தேத்தண்ணி தந்திருக்கிறார். என் குறிப்பேட்டில் அவர் பெயர் இல்லை. அத்தியாயத்தின் தலைப்பிலிருந்த ‘தனித்து’ என்ற சொல்லை எடுத்துவிட்டு, அதை முதலிலிருந்து எழுத இரண்டு மாதம் பிடித்தது.