முழங்கால் வலி அம்மாவுக்கும் வீல்சேர் அப்பாவுக்கும் கார்: டேப்போடு தேர்ந்தெடுப்பது எப்படி?

கார் வாங்கப் போகிறேன் என்றதும் நம் ஊரில் வரும் முதல் கேள்வி "மைலேஜ் எவ்வளவு?", அடுத்தது "ரீசேல் எப்படி?" வீட்டில் முழங்கால் தேய்ந்த அம்மாவோ, பக்கவாதம் வந்த மாமனாரோ, வீல்சேரில் இருக்கும் அக்காவோ இருந்தால் இந்த இரண்டையும் கொஞ்ச நேரம் ஓரமாக வையுங்கள். அவர் முனகாமல் ஏறி இறங்க சீட் எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்பதை முதலில் கண்டுபிடிப்போம். காரின் நீள அகலம், இன்ஜின், டிக்கி லிட்டர் எல்லாம் பிரோஷரில் வந்துவிடும். தரையிலிருந்து சீட் எத்தனை சென்டிமீட்டர் என்பதைத் தேடினாலும் கிடைக்காது. நாமேதான் அளக்க வேண்டும். ஒரு தையல் டேப், ஒரு நோட்டு, அவசரமில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

படி 1: வீட்டிலேயே இரண்டு அளவு

முதலில், குறைந்தபட்ச உயரம். பிளாஸ்டிக் நாற்காலியில் அவரை உட்கார வைத்து, கையை ஊன்றாமல் எழுந்திருக்கச் சொல்லுங்கள். முடியவில்லை என்றால் மடித்த போர்வைகளை ஒவ்வொன்றாகப் போட்டு உயர்த்திக்கொண்டே வாருங்கள். எங்கே சிரமமில்லாமல் எழுகிறாரோ அங்கே நிறுத்தி, அவர் உட்கார்ந்திருக்கும்போதே தரையிலிருந்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்து, அதிகபட்ச உயரம். அவர் தினமும் போடும் செருப்போடு நிற்கட்டும். தரையிலிருந்து, பின்தொடை முடிந்து இடுப்புச் சதை தொடங்கும் மடிப்பு வரை அளந்துகொள்ளுங்கள். இதைவிட சீட் உயரமாக இருந்தால் உட்கார முடியாது, ஏறத்தான் வேண்டும். ஐந்தடி உயர அம்மாவுக்கு இது 65 சென்டிமீட்டர் பக்கம் வரும்.

இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவே பெரும்பாலும் ஒரு சாண்கூட இருக்காது. அந்த இடைவெளிக்குள் விழும் கார்தான் உங்கள் கார். தாழ்வான செடானில் இறங்கும்போது திண்டாட்டம், உயரமான எஸ்.யூ.வி.யில் ஏறும்போது திண்டாட்டம். முழங்கால் வலிக்கு உயரமான வண்டிதான் நல்லது என்று சொல்லி ஸ்கார்ப்பியோ, பொலேரோ பக்கம் தள்ளிவிடும் உறவினர்களிடம் இந்த எண்ணைக் காட்டுங்கள்.

வீல்சேர்க்காரருக்கு மூன்றாவது அளவும் வேண்டும்: குஷனோடு வீல்சேர் சீட்டின் உயரம். சாதாரண வீல்சேரில் அது 50 சென்டிமீட்டர் வாக்கில் இருக்கும். கார் சீட் இதற்குச் சமமாக இருந்தால் இரண்டு சீட்டுக்கும் நடுவே பலகை வைத்து நகர்ந்துவிடலாம். கார் 15 சென்டிமீட்டர் உயர்ந்துவிட்டால் யாராவது தூக்கத்தான் வேண்டும். தூக்குபவரின் முதுகு எத்தனை நாள் தாங்கும்?

படி 2: எந்த உடம்புக்கு எந்தக் கதவு

முழங்கால் வலிக்காரருக்கு முன் இடது சீட்தான் நல்லது. சீட்டை முழுக்கப் பின்னே தள்ளினால் கால் மடக்கும் சிரமம் குறையும். பின் சீட்டில் கதவின் கீழ்ப்பகுதி பல கார்களில் குறுகிவிடும். பாதத்தைத் திருப்பி நுழைக்க இடம் போதாது. "பெரியவர்கள் பின்னால்தான் உட்கார வேண்டும்" என்ற மரியாதையை இந்த ஒரு விஷயத்தில் விட்டுவிடலாம்.

இடுப்பு மூட்டு மாற்று அறுவை செய்தவர்களிடம் இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்க வேண்டாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கக்கூடும். குழி போன்ற சீட்டில் முழங்கால் இடுப்பைவிட மேலே போய்விடும், அது கூடாது. சாய்மானம் நன்றாகப் பின்னே சாயும், குஷன் சமதளமாக இருக்கும் சீட்டைப் பாருங்கள். உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி பல கார்களில் ஓட்டுநர் சீட்டுக்கு மட்டும்தான். இடது சீட்டுக்கும் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பக்கவாதத்தில்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது. இடது கதவு வழியே ஏறுபவர் காருக்கு முதுகு காட்டி நின்று, உட்கார்ந்து, பிறகு வலப்பக்கமாகத் திரும்புகிறார். வலது கால் முதலில் உள்ளே போகும், இடது கால் கடைசியில் வரும். உட்கார்ந்தபின் மேலே இருக்கும் பிடி இடது கைக்குத்தான் எட்டும். இடது கை, கால் பலவீனமானவருக்கு அந்தப் பிடியால் பயனில்லை. கடைசியில் வரும் காலையும் யாராவது எடுத்து வைக்க வேண்டும். அவரைப் பின் வலது சீட்டில் ஏற்றிப் பாருங்கள், எல்லாமே மாறிவிடும். ஆனால் வலது கதவு சாலைப் பக்கம் திறக்கும். வீட்டு வாசலுக்குள்ளும் மருத்துவமனை போர்ட்டிகோவிலும் சரி, பஜார் தெருவில் ஆகாது. எந்த இடங்களுக்கு அதிகம் போவீர்கள் என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். இயன்முறை சிகிச்சையாளரிடம் ஒருமுறை காரிலேயே பழக்கச் சொன்னால் மிக நல்லது.

படி 3: கால் டாக்ஸியில் ஒத்திகை

ஷோரூமுக்கு முன் இதைச் செய்யுங்கள். எப்படியும் செக்கப்புக்கு டாக்ஸி எடுக்கப்போகிறீர்கள். ஒருமுறை வேகன்-ஆர், ஒருமுறை டிசையர், ஒருமுறை எர்டிகா வருமாறு பாருங்கள். மூன்றும் டாக்ஸியாக நிறைய ஓடுகின்றன, சீட் உயரத்திலும் ஒன்றுக்கொன்று வித்தியாசமானவை. வரும்போது கவனியுங்கள்: காலையில் சுலபமாக ஏறிய அம்மா, மூன்று மணி நேரம் ஓ.பி.யில் காத்திருந்துவிட்டுத் திரும்பும்போது அதே மாதிரி ஏறுகிறாரா? களைத்த உடம்புக்குப் பொருந்துவதுதான் கணக்கு.

உடையும் முக்கியம். நைட்டியில் ஒத்திகை பார்த்து வாங்கிய காரில் பட்டுப்புடவையோடு ஏற முடியாமல் நிற்பவர்கள் உண்டு. புடவையில் கால் எவ்வளவு அகல விரியும் என்பதை எந்த கார் நிறுவனமும் அளந்ததாகத் தெரியவில்லை.

(2014-இல் உற்பத்தி நின்றுபோன அம்பாசிடரைப் பாட்டிமார்கள் இன்னும் நினைத்துப் பெருமூச்சு விடுவதில் காரணம் இருக்கிறது. நாற்காலி உயரத்தில் சோபா போன்ற சீட். உட்கார்ந்து, நகர்ந்து, காலை எடுத்து வைத்தால் முடிந்தது.)

படி 4: ஷோரூமில்

ஏறப்போகிறவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஷோரூமின் பளபளத் தரையில் பார்த்துவிட்டு வந்துவிடாமல், டெஸ்ட் டிரைவ் வண்டியை உங்கள் தெருவுக்கே வரவழையுங்கள்.

முதலில் சீட் உயரம். குஷன் அமுங்கும் என்பதால் ஒருவரை உட்கார வைத்து, தரையிலிருந்து சீட்டின் வெளிவிளிம்பு வரை அளந்து, உங்கள் இரண்டு எண்களோடு ஒப்பிடுங்கள். பொருந்தவில்லை என்றால் மற்றதைப் பார்க்கவே வேண்டாம், நன்றி சொல்லிக் கிளம்பிவிடலாம்.

அடுத்து, கதவுக்குக் கீழே கால் தாண்ட வேண்டிய விளிம்பு. அது தரையிலிருந்து எவ்வளவு உயரம், எவ்வளவு அகலம், அதைத் தாண்டியதும் உள்தரை எவ்வளவு கீழே இறங்குகிறது என்று மூன்றையும் பாருங்கள். உள்ளே குழியாக இருந்தால் இறங்கும்போது காலை மறுபடி தூக்க வேண்டியிருக்கும்.

கதவு எவ்வளவு விரிகிறது என்பதும் முக்கியம். டாடா பஞ்ச், ஆல்ட்ரோஸ் இரண்டிலும் கதவு கிட்டத்தட்ட 90 டிகிரி திறக்கும். வீல்சேரை ஒட்டி நிறுத்த இது பெரிய உதவி. தலைக்கு மேலே கூரை விளிம்பும் இடிக்கக் கூடாது. 1675 மில்லிமீட்டர் உயரமுள்ள வேகன்-ஆரில் கழுத்து வலிக்காரர்கூட அதிகம் குனிய வேண்டியதில்லை. இந்தத் தேவைக்கு எந்தக் காரை முதலில் பார்க்கலாம் என்று கேட்டால் நான் அதைத்தான் சொல்வேன். அழகான வண்டி என்று சொல்ல மாட்டேன்.

உயரமான வண்டிக்கு "சைடு ஸ்டெப் போட்டுத் தருகிறோம் சார்" என்பார் விற்பனையாளர். மயங்காதீர்கள். அந்தப் படி குறுகலானது, மழையில் வழுக்கும். அது வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் காருக்கு முதுகு காட்டி நெருங்கி நின்று உட்காரவும் முடியாது. வீல்சேரையும் ஒட்டி நிறுத்த விடாது.

படி 5: டிக்கியில் வீல்சேர்

லிட்டர் கணக்கை நம்பாதீர்கள். வீல்சேரை எடுத்துக்கொண்டு போய் வைத்துப் பாருங்கள். டிக்கி வாயின் அகலம், உள்ளே தூக்கி வைக்க வேண்டிய விளிம்பின் உயரம் இரண்டும்தான் முடிவு செய்யும். இரும்பு வீல்சேர் 18 கிலோ வாக்கில் இருக்கும், அதைத் தூக்கப்போவது அறுபது வயது மனைவி என்றால் விளிம்பு தாழ்வாக இருந்தே ஆக வேண்டும். அலுமினிய வீல்சேருக்கு மாறுவது சில நேரம் பெரிய கார் வாங்குவதைவிட மலிவான வழி.

ஏழு சீட் வண்டி என்றதும் இடம் தாராளம் என்று எண்ண வேண்டாம். எர்டிகாவில் மூன்றாவது வரிசை நிமிர்ந்திருந்தால் டிக்கி 209 லிட்டர்தான், வீல்சேர் வைக்க அந்த வரிசையை மடக்க வேண்டும். ரெனோ டிரைபரில் மூன்றாவது வரிசையைக் கழற்றியே வைத்துவிடலாம். அப்போது 625 லிட்டர் கிடைக்கும், வண்டியும் 4 மீட்டருக்குள் அடங்கும். சி.என்.ஜி. வேண்டும் என்றால் சிலிண்டர் எங்கே இருக்கிறது என்று திறந்து பாருங்கள். ஒற்றைச் சிலிண்டர் வண்டிகளில் டிக்கியை அதுவே அடைத்துக்கொள்ளும். டாடா இரண்டு சிறு சிலிண்டர்களை அடித்தளத்தில் வைப்பதால் ஓரளவு இடம் மிஞ்சும்.

படி 6: வாசல் கணக்கு

எட்டடி அகல போர்ட்டிகோ என்றால் 244 சென்டிமீட்டர். வேகன்-ஆரின் அகலம் 162. ஒரு சுவரோடு ஒட்டி நிறுத்தினாலும் மறுபக்கம் 82தான் மிஞ்சும். கதவைத் திறந்து வீல்சேரும் நிற்க அது போதாது. ஆகவே கேட்டுக்கு வெளியேதான் ஏற்றுவீர்கள். அங்கே சாக்கடை மூடியோ, சரிவோ இருக்கிறதா? சரிவில் நிறுத்தினால் கதவு தானாக மூடிக்கொண்டு காலில் இடிக்கும். ஒரு கல் தளம் போட்டுச் சமப்படுத்தினால் தீரும்.

படி 7: கூடுதல் வசதிகள்

வெளிப்பக்கம் திரும்பும் சுழல் சீட் இப்போது கிடைக்கிறது. 2025 டிசம்பரில் மாருதி, வேகன்-ஆருக்கு இதைத் தன் டீலர்கள் வழியே சில நகரங்களில் கொடுக்கத் தொடங்கியது. இடுப்பைத் திருப்ப முடியாதவருக்கு இது வரம். ஆனால் சீட் திரும்பும், கீழே இறங்காது. உயரமானவர்களின் முழங்கால் கதவுச் சட்டத்தில் இடிக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

எழுந்து மாறவே முடியாதவரை வீல்சேரோடு ஏற்ற வேண்டும் என்றால் மாருதி ஈகோ போன்ற வேனைச் சாய்தளம் வைத்து மாற்றுவார்கள். கட்டடங்களுக்குச் சொல்லப்படும் 1:12 சரிவை (ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம்) எடுத்தால், 40 சென்டிமீட்டர் உயரத் தளத்துக்கு 4.8 மீட்டர் நீளச் சாய்தளம் வேண்டும். வேனில் அது நடக்காது. செங்குத்தாகத்தான் இருக்கும், பின்னாலிருந்து தள்ள பலமான ஆள் தேவை. வீல்சேர் முன்னோக்கி இருக்க வேண்டும், நான்கு பட்டைகளால் தரையோடு கட்டப்பட வேண்டும், உட்கார்ந்திருப்பவருக்குத் தனி பெல்ட் வேண்டும். வீல்சேர் பிரேக்கை மட்டும் நம்பி ஓட்டுவது ஆபத்து.

படி 8: காகித வேலை

முன்பு உடலியக்கக் குறைபாடு உள்ளவர்களுக்குச் சிறு கார்களில் ஜி.எஸ்.டி. சலுகையாக 18 சதவீதம் இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் 4 மீட்டருக்குள், பெட்ரோல் என்றால் 1200 சி.சி.க்குள், டீசல் என்றால் 1500 சி.சி.க்குள் உள்ள கார்களுக்கு எல்லாருக்குமே அதே 18 சதவீதம்தான். அதைவிடப் பெரிய கார்களுக்கு 40 சதவீதம்.

சாலை வரி விலக்கை மாற்றுத்திறனாளி அடையாள அட்டையோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில், வண்டியைப் பதிவதற்கு முன்பே கேளுங்கள். யார் பெயரில் பதிவது என்பதையும் அப்போதே தீர்மானியுங்கள். உரிமையாளர் வகையை 'திவ்யாங்ஜன்' (மாற்றுத்திறனாளி) என்று குறிக்கும் முறை 2020-இல் வந்தது. டோல் விலக்கு, மாற்றுத்திறனாளிக்காக வடிவமைக்கப்பட்டதாகப் பதிவான வண்டிக்குத்தான். உள்ளே மாற்றுத்திறனாளி உட்கார்ந்திருக்கிறார் என்பதற்காகக் கிடைக்காது. வேனில் சாய்தளம் போடுவது போன்ற மாற்றங்களுக்கு மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி ஆர்.சி.யில் பதிவு தேவை. இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள், இல்லையென்றால் விபத்துக் கோரிக்கையின்போது அதையே காரணம் காட்டுவார்கள்.