மலையகத்துக்கு நிவாரணம் கொண்டு செல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையைத் தாக்கியபோது தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த மலையகத்தின் கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மலைச்சரிவுகள் இடிந்து விழுந்தன. நாடெங்கும் 600க்கும் மேற்பட்ட உயிர்கள் பறிபோயின. உள்நாட்டிலிருந்தும் கடல் கடந்தும் உதவி திரண்டது. அந்த நல்ல மனம் வீணாகாமல் இருக்க வேண்டுமென்றால், எதை, எப்போது, எங்கே கொடுப்பது என்பதைக் கொடுப்பவர் தம் வசதிக்கேற்பத் தீர்மானிக்கும் வழக்கத்தை முதலில் கைவிட வேண்டும்.

யாரிடமும் கேட்காமல் லொறியை ஏற்றிக்கொண்டு புறப்படுவதே தலையாய தவறு. பெரிய லொறி பிரதான வீதியோரத்து முகாமோடு நின்றுவிடுகிறது. அங்கிருந்து தேயிலை மலைக்குள் ஏறும் ஒற்றையடித் தோட்டப் பாதை மண் மூடிக் கிடக்கிறது. இதனால் வீதியோர முகாமுக்கு ஒரே மதியத்தில் மூன்று தரப்பினரின் சோற்றுப் பொதிகள் வந்து சேர்ந்து மாலைக்குள் பழுதாகிவிட, தோட்டத்தின் மேல் பிரிவில் அகப்பட்டிருப்பவர்களுக்கு ஒன்றுமே எட்டாமல் போய்விடுகிறது. கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திடமும், முடிந்தால் தோட்டத் தலைவரிடமும் பேசி, பொருளை நகரத்தில் இறக்கிச் சிறிய வாகனங்களில் மேலே கொண்டு செல்ல ஏற்பாடு செய்த பிறகே புறப்பட வேண்டும்.

மலையகத்துக்கே உரிய மற்றொரு பிழை, லயன் (தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பு) அறை ஒன்றுக்கு ஒரு பொதி என்று கணக்கிடுவது. பெற்றோர், மணமான மகன், அவன் பிள்ளைகள் என்று இரண்டு குடும்பங்கள் ஒரே அறையில் வாழ்வது அங்கே சாதாரணம். கதவுகளை எண்ணிப் பட்டியல் போட்டால் இரண்டாவது குடும்பம் விடுபட்டுப்போகும். ஆகவே எத்தனை அடுப்பு எரிகிறது என்று கேட்டுப் பட்டியல் எடுப்பதே முறை.

பாடசாலை வகுப்பறையில் பாய் விரித்துப் படுத்திருப்பவரிடம் அரிசியையும் பருப்பையும் கொடுத்தால் அவர் அதை எங்கே சமைப்பார்? முதல் சில நாள்களுக்குச் சமைத்த உணவோ, பொதுச் சமையலுக்கான பெரிய பாத்திரங்களும் எரிவாயுவுமோ தேவைப்படும். உலருணவுப் பொதி அவர்கள் வீடு திரும்பும் நேரத்தில்தான் பயன்படும். கைக்குழந்தைகளுக்கான பால்மாவைக் கண்டபடி விநியோகிக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் வலியுறுத்துகின்றன. கலங்கிய நீரில் கரைத்து, கொதிக்க வைக்காத போத்தலில் ஊட்டிய பால் குழந்தையை வயிற்றோட்டத்தில் தள்ளும். இலவசமாகக் கிடைக்கிறதே என்று தாய் பாலூட்டுவதைக் குறைத்தால் அவளிடமும் பால் வற்றிவிடும். பால்மா இன்றியமையாத குழந்தைகளை மருத்துவ மாதுவே அடையாளம் காண வேண்டும்.

பழைய துணிகளைப் பற்றி ஒரு வார்த்தை. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நாகப்பட்டினக் கரையோர வீதிகளில் அவை குவியல் குவியலாகக் கிடந்ததை அன்றைய செய்திகளைப் படித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மலைக் குளிருக்குக் கம்பளியும், புதிய உள்ளாடைகளும், பெண்களுக்கு மாதவிடாய் அணையாடையும் அதை மாற்றக் கதவுள்ள ஓர் மறைவிடமும்தான் வேண்டும்.

உதவப் போகிறவர்களே மண்ணில் புதைந்துவிடும் ஆபத்தும் உண்டு. 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பு, 100ஐத் தாண்டினால் எச்சரிக்கை, 150ஐத் தாண்டினால் வெளியேற்றம் என்பது மண்சரிவு எச்சரிக்கை விடுக்கும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவுகோல். நிலத்தில் புது வெடிப்பு, திடீரென்று ஊறும் சேற்று நீர், சாய்ந்த மரங்கள் ஆகியவற்றைக் கண்டால் மழை ஓய்ந்திருந்தாலும் மேலே ஏறக் கூடாது. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கு அறிவிக்க வேண்டும்.

பொதியைக் கையில் கொடுத்து, குழந்தையின் முகம் தெரியப் படம் எடுத்து வெளியிடுவதையும் நிறுத்த வேண்டும். நன்கொடையாளருக்குக் கணக்குக் காட்டப் பற்றுச்சீட்டும் பொருள் பட்டியலும் போதும்.

எல்லாவற்றிலும் என்னை மிகவும் வருத்துவது, இரண்டாவது வாரத்தோடு உதவி நின்றுபோவதுதான். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தவில் லயன்கள் மண்ணில் புதைந்தன. உயிர் தப்பியவர்களின் கையில் புதிய வீடு கிடைக்க ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் சென்றன. அதுவரை பலர் கைவிடப்பட்ட தேயிலைத் தொழிற்சாலையொன்றில் தங்கியிருந்தனர். லயன் அறையும் அது நிற்கும் நிலமும் தொழிலாளர் பெயரில் இல்லாததால் இழப்பீட்டு விண்ணப்பம் எளிதில் நகர்வதில்லை. அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும் ஊழியர் சேமலாப நிதி ஆவணங்களும் வெள்ளத்தோடு போயிருந்தால் சிக்கல் இரட்டிப்பாகிறது. திரட்டிய நிதியில் ஒரு பங்கை மூன்றாவது மாதத்துக்கென்று ஒதுக்கி வைத்து, பாடசாலைப் பிள்ளைகளின் கொப்பிகளுக்கும் பிரதேச செயலகத்துக்குப் போய்வரும் பஸ் கட்டணத்துக்கும் செலவிடலாம். படிவம் நிரப்பத் தெரிந்த ஒருவரை அவர்களோடு உடன் அனுப்புவது அந்தக் கட்டத்தில் இன்னுமொரு அரிசி மூட்டையைவிடக் கூடுதலாக உதவும்.